குட்டையும் தொட்டியும் ஒரு வேலி நிலமும்

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதைச் சும்மா விட்டுவிடுவது. மற்றொன்று, அதைச் சும்மா விடாமல் இருப்பது. நான் முதல் கட்சி. எனக்கு மேலதிகாரியான செல்வநாதன் சார் இரண்டாவது கட்சி. என் மாமனார் மருதையனுக்குக் கட்சி எதுவும் இல்லை. அவருக்கு நிலம் இருந்தது.

எண்பத்தொன்றில், நான் எஞ்சினியராக இருந்த அரசுத் துறை காரைக்காலில் ஒரு சோதனை வைத்தது. நெடுங்காடு போகும் சாலையில், திருநள்ளாற்றுக் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக ஓர் அறக்கட்டளை கட்டிய பெரிய விடுதி இருந்தது. அதன் பின்னால் கிடந்த புறம்போக்கில் ஒரு பக்கம் குட்டை வெட்டினோம், மறு பக்கம் சிமெண்டுத் தொட்டி கட்டினோம். விடுதியின் கழிவுநீர் ஒரு சிறு பெட்டிக்குள் வந்து சரிபாதியாகப் பிரியும். ஒரு பாதி குட்டைக்கு, மறுபாதி தொட்டிக்கு. ஒரு வருடம் இரண்டையும் நடத்திப் பார்த்து, வெளியே வரும் தண்ணீரைச் சோதித்து, எது தேவலை என்று நான் அறிக்கை எழுத வேண்டும். கடைசியில் சென்னையிலிருந்து நிபுணர் குழு வரும். அது எதைச் சொல்கிறதோ அதையே ஊர் முழுவதற்கும் பெரிதாகக் கட்டுவார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தொட்டிக்கு இடம் அதிகம் வேண்டாம். ஊருக்கே கட்டினாலும் புறம்போக்குக்குள் அடங்கிவிடும். குட்டை அப்படியில்லை. ஊருக்கென்று வெட்டினால் இன்னும் ஒரு வேலி நிலம் கேட்கும். புறம்போக்கை ஒட்டிக் கிடந்த அந்த ஒரு வேலி, அதாவது ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, என் மாமனாருடையது. வேறு நிலம் அவருக்கு இல்லை. சர்வேயர் வந்து நான்கு மூலையிலும் சிவப்புச் சாயம் அடித்த கற்களை நட்டுவிட்டார். முடிவான பிறகு நடக் கூடாதா என்று கேட்டேன். முடிவாகிற சமயத்தில் தனக்கு வேறு ஊரில் வேலை வந்துவிடலாம், எதற்கும் இருக்கட்டும் என்றார்.

ஆக, குட்டை ஜெயித்தால் நான் நம்பியது ஜெயிக்கும், மாமனார் வயல் போகும். தொட்டி ஜெயித்தால் வயல் தங்கும். இந்த நிலையில் நான் அறிக்கை எழுதுவது முறையில்லை, வேறு யாரையாவது போடுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதினேன். அந்தப் பக்கம் வர வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்று பதில் வந்தது.

மாமனார் பேசாத மனிதர். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதையெல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். நானும் பேசாதவன்தான். அவர் வீட்டுக்குப் போனால் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறி சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். அது இருவருக்குமே பிடித்திருந்தது. கல் நட்ட பிறகு அந்த மௌனம் கெட்டுப்போயிற்று. முன்பு அது இரண்டு பேர் பேசாமல் இருக்கிற மௌனம். இப்போது ஒருவர் ஒன்றைப் பேசாமல் இருக்கிற மௌனம்.

குட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மார்பளவு ஆழம். ஒரு மூலையில் அழுக்கு உள்ளே போகும். வெயில் அடிக்கும். பாசி பிடிக்கும். பாசி மூச்சு விடும், அந்த மூச்சில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பிழைத்து அழுக்கைத் தின்னும். நாள் போக்கில் மறு மூலையில் தண்ணீர் பச்சையாக வெளியே வரும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. செய்தால் கெட்டுவிடும். ஒன்றும் செய்யாமல் கிடப்பதுபோல் கிடந்து, உள்ளே இவ்வளவு வேலை பார்க்கிற ஒரு பொருளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் கரையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு யாரோ ஒத்த மனதுக்காரர் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். நாற்றம் மட்டும் விடியற்காலையில் கொஞ்சம் உண்டு. ஒத்த மனதுக்காரர்களிடமும் அது உண்டுதான்.

தொட்டி வேறு சாதி. மேலே ஒரு பாலம், பாலத்தின் நடுவில் மோட்டார், மோட்டாருக்குக் கீழே தண்ணீரை அடித்துச் சிதறவைக்கும் பெரிய இறக்கைகள். குட்டை பத்து நாளில் செய்வதை அது ஒரே நாளில் செய்துவிடும். வெளியே வரும் தண்ணீர் இளநீர்போலத் தெளிந்திருக்கும். ஆனால் கரண்ட் வேண்டும், எண்ணெய் வேண்டும், அடியில் சேரும் சேற்றை எடுத்துக் காயப்போட வேண்டும், காது கொடுத்துக்கொண்டே ஓர் ஆள் இருக்க வேண்டும். கரண்ட் போய் அரை நாளானால் உள்ளே இருக்கும் பூச்சிகள் மூச்சடைத்துச் செத்து, பக்கத்து வயலில் நடவு நடுகிறவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் காரைக்காலில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எப்போது வரும் என்று சொல்வதைவிட அது சுலபம்.

தொட்டியின் இயந்திரத்தை பம்பாயிலிருந்து தருவித்தவர் செல்வநாதன் சார். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் கோர்ட்டில் எழுத்தர். அந்த வீட்டுப் பழக்கத்தில், சந்தோஷமாக இருந்தால் எதிரே இருப்பவர் யாரானாலும் ‘முசே’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார். கோபமாக இருந்தால் பேர் சொல்வார். என்னை எப்போதும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

“தெட்சிணாமூர்த்தி, ஒன் குட்டைக்கு எஞ்சினியர் எதுக்குய்யா? ரெண்டு கொக்கு போதும்.”

கொக்குகளும் வந்தன. அவற்றுக்குச் சம்பளம் கிடையாது என்பதை நான் செலவுக் கணக்கில் காட்டத் தவறவில்லை.

கல் நட்ட மறுவாரம் மாமனார் முதல்முறையாகச் சோதனை நடக்கும் இடத்துக்கு வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு, குட்டைக்கு முதுகைக் காட்டி, தொட்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு தினமும் சாயங்காலம் வர ஆரம்பித்தார். செல்வநாதன் சார் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் அவர் ‘மருதையன் முசே’ ஆகிவிட்டார். ஆயுதபூஜைக்குத் தன் வீட்டு பம்புசெட்டுக்கு ஒரு பொட்டு வைத்தவர், எங்கள் மோட்டாருக்குப் பட்டை போட்டு, மாலை சாத்தி, பூசணிக்காய் உடைத்தார். மோட்டாரின் சத்தத்தில் சிறிய மாற்றம் இருந்தாலும் எழுந்து போய்க் காதை வைத்துக் கேட்பார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் அப்படி எழுந்து போனதில்லை என்று என் மனைவி காசியம்மா சொன்னாள். அந்தப் பிள்ளை அவள்தான்.

கரண்ட் போனால் மாமனார் முகம் இருண்டுவிடும். அப்போது மட்டும் ஒரு கணம் திரும்பிக் குட்டையைப் பார்ப்பார். குட்டையில் கொக்கு நின்றுகொண்டிருக்கும். கல்யாண வீட்டில் பங்காளியைப் பார்க்கிற பார்வை அது.

வீட்டிலும் எனக்கு நிம்மதியில்லை. காசியம்மா என் வேலையைப் பற்றிக் குறை சொல்லமாட்டாள். சோறு போடும்போது, இன்று குட்டை நன்றாக இருக்கிறதா என்று கேட்பாள். நன்றாக இருக்கிறது என்றால் குழம்பு குறையும். கொஞ்சம் நாற்றம் என்றால் அப்பளம் வரும். சோதனைக்கூடத்தில் எனக்கு வருகிற முடிவு எதுவானாலும் அது முதலில் என் இலையில்தான் பதிவானது.

ஒரு நாள் இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கூடத்து மேசைமேல் வைத்திருந்தேன். ஒன்றில் தெளிவு, ஒன்றில் பச்சை. மாமனார் உள்ளே வந்து இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவர் வாயைத் திறந்தார்.

“மாப்ள, ரெண்டுல எது நல்ல தண்ணி?”

பச்சைதான் மாமா என்றேன். தெளிந்த தண்ணீரில் அழுக்கு இல்லை, ஆனால் கிருமி அப்படியே இருக்கிறது, மருந்து போட்டால்தான் சாகும். பச்சைத் தண்ணீரில் இருப்பது வெறும் பாசி, கிருமியை வெயில் கொன்றுவிட்டது. இதைச் சொல்லும்போது என் குரலில் எனக்கே தெரியாமல் ஒரு பெருமை வந்திருக்க வேண்டும்.

அவர் அந்தப் பச்சைப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கீழே வைத்தார்.

“எனக்கு ஏழரை நடக்குதுன்னு சோசியரு சொன்னாரு. அது எங்கேருந்து வரும்னு சொல்லல,” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வருடம் முடியும்போது கணக்கு இப்படி இருந்தது. கிருமியில், செலவில், கரண்ட் இல்லாமல் பிழைப்பதில் குட்டை மேல். நிறத்தில், வேகத்தில், இடத்தில் தொட்டி மேல். நிபுணர்கள் நேரில் வந்து பார்ப்பதில்தான் முடிவு இருக்கிறது என்று எனக்கும் செல்வநாதன் சாருக்கும் தெரிந்தது. குழு வரும் நாளில் தொட்டி நின்றிருந்தால் செல்வநாதன் சார் கட்சி காலி. அதற்காக அவர் வாடகைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர்கூட ஏற்பாடு செய்திருந்தார். எல்லாவற்றையும் யோசித்தவர் பஞ்சாங்கத்தைப் பார்க்க மறந்துவிட்டார். குழு வருவதற்கு முதல் நாள் சனிப்பெயர்ச்சி.

அந்த முறை சனி கன்னியிலிருந்து துலாத்துக்குப் பெயர்ந்தார். பெயர்ச்சி அன்று திருநள்ளாற்றுக் குளத்தில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து, கட்டியிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, வேறு துணி கட்டிக்கொண்டு வருவது வழக்கம். பழைய துணியோடு சனியும் அங்கேயே நின்றுவிடுவார். விட்ட துணியை இன்னொருவர் தொடக் கூடாது. தொட்டால், நிற்கிறவருக்கு நாமே கைகொடுத்துத் தோளில் ஏற்றிக்கொண்டது போல.

அந்த வருடம் வந்த கூட்டத்தில் விடுதியில் தங்கியவர்கள் பாதிப்பேர் குளத்தை எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆகவே விடுதிக் குளியலறையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். துணியை எங்கே விடுவது என்ற கேள்வி வந்தது. ஓடுகிற தண்ணீரில் விட்டால் போதும் என்று அவர்களில் விவரமான யாரோ சொல்லியிருக்கிறார். விடுதிக்குப் பின்னால் சாக்கடைக் குழியின் இரும்பு மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று சாஸ்திரம் கேட்கவில்லை. வேட்டி, துண்டு, புடவை, பாவாடை, டவுசர் என்று ஒவ்வொருவராகத் தங்கள் கிரகத்தை அதற்குள் இறக்கிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு மூடியைப் போட்டார்கள்.

எங்கள் இடத்துக்குள் கழிவுநீர் நுழையும் வாயிலில் ஒரு கம்பித் தட்டி உண்டு. குப்பைகூளத்தை அது பிடித்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வது முத்தையன் வேலை. துறையில் எங்களுக்கெல்லாம் மூத்தவர். காலை பத்து மணிக்குத் தட்டி முழுக்கத் துணி. முத்தையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாரியைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

“சார், பீன்னா அள்ளுறேன். அது மனுசனோடது. இது சனியோடது. எனக்கு இதுக்கு உத்தரவு இல்ல.”

உத்தரவை நான் போடுகிறேன் என்றார் செல்வநாதன் சார். சனீஸ்வரன் கையெழுத்தும் வேண்டும் என்றார் முத்தையன். இந்தப் பேச்சு நடக்கும்போதே தண்ணீர் தட்டியில் முட்டி எதிர்த்து நிற்க ஆரம்பித்தது. விடுதியிலிருந்து ஆள் ஓடிவந்து, கீழ்மாடிக் கக்கூஸ்கள் எல்லாம் நிரம்பி வழிவதாகவும், அங்கே தங்கிய பக்தர்கள் மேசைமேல் ஏறி நிற்பதாகவும் சொன்னான். செல்வநாதன் சாருக்கு வேறு வழியில்லை. தட்டியைத் தூக்கச் சொன்னார். சங்கிலியைப் பிடித்துத் தூக்குவதில் முத்தையனுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. துணியெல்லாம் உள்ளே போயிற்று. பெட்டியில் சரிபாதியாகப் பிரிந்தது. எங்கள் பெட்டி நல்ல பெட்டி, சனியையும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டது.

குட்டை அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டிகள் மெதுவாக விரிந்து, மிதந்து, பாசியோடு பாசியாக ஓரமாய் ஒதுங்கின. நல்லெண்ணெய் வெயிலில் வானவில்போல மின்னியது. ஒரு கொக்கு ஜரிகைக் கரைமேல் நின்று பார்த்தது.

தொட்டியில் இறக்கைகள் முதல் வேட்டியைச் சுற்றிக்கொண்டன. அடுத்தது அதன்மேல் சுற்றியது. ஒரு புடவை வந்து எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டியது. மோட்டார் முனகியது, புகைந்தது, நின்றது.

எலக்ட்ரீஷியன் மன்சூர் அலி வந்து பார்த்தார். மோட்டாருக்கு ஒன்றுமில்லை, துணியை அறுத்து எடுத்துவிட்டால் ஓடும் என்றார். அப்படியானால் எடுங்கள் என்றார் செல்வநாதன் சார், உங்களுக்குத்தான் சனி கிடையாதே.

“கெடயாதுதான். எனக்குத் துணி வேலையும் கெடயாது. நான் கரண்டுக்கு வந்தவன்,” என்றார் மன்சூர் அலி.

எல்லாரும் செல்வநாதன் சாரையே பார்த்தோம். அவர் கிறிஸ்தவர். வேதக்காரர்களை இதெல்லாம் ஒட்டாது, ஐயாவே இறங்கினால் என்ன என்று முத்தையன் மெதுவாக ஆரம்பித்தார். செல்வநாதன் சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போனார்.

“கோயில் சாமியாருக்குத் தெரியாம எங்கம்மா எனக்கு சாதகம் எழுதி வச்சிருக்காங்க. சிம்ம ராசி. ஏழரை வருசம் ஒக்காந்திருந்தவன் இன்னிக்கித்தான் எறங்குறான். எறங்குறவனக் கையப் புடிச்சு நானே மறுபடி ஏத்திக்கவா? நீயே சொல்லு முசே.”

அவர் என்னை முசே என்றது அன்றுதான். பயமும் சந்தோஷமும் அவருக்கு ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

நான் இறங்கியிருக்கலாம். எனக்கு நம்பிக்கை கிடையாது என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் குட்டைக் கட்சிக்காரன், எதிர்க்கட்சியின் தொட்டியில் கைவைப்பது நேர்மையில்லை என்று தோன்றியது. இப்படி ஒரு நல்ல காரணம் சமயத்தில் கிடைத்ததில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பாலத்தின் ஓரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நான்கு ஆண்கள் அசையாமல் நின்று ஒரு தொட்டியைப் பார்த்தோம். தொட்டி நாற ஆரம்பித்தது. நாளைக் காலை குழு வரும். நின்றுபோன இந்த இயந்திரத்தைப் பார்க்கும். பக்கத்தில் அமைதியாகக் கிடக்கும் குட்டையைப் பார்க்கும். அதற்கப்பால் பால் பிடித்து நிற்கும் சம்பா வயலைப் பார்த்து, இடம் இதோ இருக்கிறதே என்று சொல்லும். ஒரு வருடமாக நான் சரியென்று சொல்லிவந்தது ஒரு மூட்டைப் பழந்துணியால் ஜெயிக்கப்போகிறது. எனக்கு அதில் கொஞ்சம்கூடச் சந்தோஷம் வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அன்று சாயங்காலம் மாமனார் வரும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை. வயலில் நின்றவருக்கு மோட்டார் சத்தம் நின்றது கேட்டிருக்கிறது. கரண்ட் இருந்தும் நின்றதால் வந்துவிட்டார். கையில் கருக்கரிவாள், காலெல்லாம் சேறு. நடந்ததை முத்தையன் சொன்னார். யார் யார் எதற்காக இறங்கவில்லை என்பதையும் சொன்னார். மாமனார் ஒவ்வொருவரையும் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. பிறகு வரப்பைப் பார்த்தார். அந்த மனிதர் எதையோ கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

“எனக்குத் துலா ராசி. ஏழரை ஏற்கெனவே நடக்குது. இப்ப தலைமேலேயே வந்து ஒக்காந்துட்டாரு. ஒக்காந்திருக்கவரு மறுபடி எப்புடி ஏறுவாரு?”

சாஸ்திரத்தில் இதற்கு மறுப்பு இருக்கிறதா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

மன்சூர் அலியிடம் பீஸ் கட்டையைக் கழற்றச் சொல்லி, அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். எங்கள் யாரிடமும் அதைக் கொடுத்துவைக்க அவருக்கு மனமில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, பாலத்தில் குப்புறப் படுத்து, கையைக் கீழே விட்டு அறுக்கத் தொடங்கினார். கதிர் அறுப்பது போலத்தான் அறுத்தார். ஒரு பிடி பிடிப்பார், ஓர் இழுப்பு, பக்கத்தில் போடுவார். முத்தையன் தூரத்தில் நின்று எந்தப் பக்கம் முடிச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாமனாரின் காலைப் பிடித்துக்கொண்டேன், விழாமலிருக்க. துணியைத் தொட்டவரைத் தொடுவது எந்தக் கணக்கில் சேரும் என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை. அறுபது வயது மனிதர், ஒரு வேலி நிலத்துக்காகச் சாக்கடைமேல் குப்புறக் கிடக்கிறார். அந்த நேரத்தில் குட்டையின் சிறப்புகள் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

கடைசித் துண்டும் வந்தது. ஈரத் துணி பாலத்தின்மேல் ஆளுயரத்துக்குக் குவிந்துகிடந்தது. பீஸ் கட்டையை எடுத்துக் கொடுத்தார். மோட்டார் ஓடியது. செல்வநாதன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கட்டிப்பிடிக்கப் போனார். பாதி வழியில் யோசித்து, தூரத்தில் நின்றே கும்பிட்டார்.

மறுநாள் குழு வந்தது. தலைவர் ஒரு பேராசிரியர். நிதானமானவர். இரண்டு பாட்டில்களையும் பார்த்தார், என் அறிக்கையைப் படித்தார், இரண்டும் நல்ல முறைதான் என்றார். குட்டையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த வேட்டிகள் எதற்கு என்று கேட்டார். நான் மறைக்காமல் சொன்னேன். தொட்டி நின்றதையும் சொன்னேன், குட்டை நிற்காததையும் சொன்னேன். அறிக்கை எழுதுகிறவன் சொல்ல வேண்டியதுதானே. மாமனார் கொஞ்சம் தள்ளி மோட்டாரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் சொல்வது அவருக்குக் கேட்டது.

பேராசிரியர் தொட்டியைச் சுற்றி நடந்தார். சனி இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை பெயர்வார். கூட்டம் வரும். துணி வரும். தட்டியைப் பெரிதாக்கினாலும் தட்டியில் சேர்வதை எடுக்க ஆள் வேண்டும். ஊரில் ஒருவர்கூடத் தொடமாட்டார் என்றால் இந்த இயந்திரம் நீடிக்காது, அப்படியானால் குட்டைதான் என்றார். சொல்லிவிட்டு, எதிர்பார்த்தது போலவே, நிமிர்ந்து சம்பா வயலைப் பார்த்தார்.

“நான் எடுக்கிறேங்க,” என்றார் மாமனார்.

இவர் யார் என்று பேராசிரியர் கேட்டார். இயந்திரத்தின்மேல் அக்கறை உள்ளவர் என்றார் செல்வநாதன் சார். என் மாமனார் என்றேன் நான். எத்தனை காலத்துக்கு எடுப்பீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். எந்தத் தொழில்நுட்பமானாலும் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். ஒரு வருடமாக நாங்கள் பாட்டில் பாட்டிலாகச் சோதித்தும் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

மாமனார் பொய் சொல்லத் தெரியாதவர். விரல்விட்டு எண்ணினார்.

“இன்னும் அஞ்சு வருசம் எனக்கு ஏழரை இருக்கு. அதுவரைக்கும் எடுப்பேங்க. அதுக்கப்புறம் சொல்ல முடியாது.”

பேராசிரியர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. தொட்டி முறையே ஏற்கப்படுகிறது, அதன் இயக்கத்துக்கு ஐந்து வருடம் உள்ளூரில் உத்தரவாதம் இருப்பதாகக் குழு கருதுகிறது, அதன்பின் நிலைமையைப் பார்த்துக் குட்டை முறை பரிசீலிக்கப்படும், அதுவரை எல்லைக் கற்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். சனியின் காலக்கெடுவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டு உத்தரவு போட்டது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

நிலம் தங்கியது. ஆனாலும் மாமனார் தெளியவில்லை. ஏழரை தொடங்கிய நாளிலிருந்து அது எப்போது முடியும் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தவர், இப்போது அது முடிந்துவிடுமே என்று மடக்க ஆரம்பித்தார். சனிக்கிழமை எள் விளக்குப் போடுவதை நிறுத்திவிட்டார் என்று காசியம்மா சொன்னாள். சனி சீக்கிரம் இறங்கிவிடப் போகிறார் என்ற பயம்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். கூடத்தில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். மின்விசிறி சுற்றியது. சோறு பாதி முடிந்திருந்தது.

“மாப்ள, ஒங்களுக்கு என்ன ராசி?” என்றார்.

தனுசு என்றேன்.

அவர் சோற்றில் இருந்த கையை எடுக்காமல் யோசித்தார். துலாத்திலிருந்து விருச்சிகம். அங்கே சனி வந்ததும் தனுசுக்கு ஏழரை ஆரம்பம். அதற்கடுத்த பெயர்ச்சியில் துலாத்துக்கு முடியும். அப்போது தனுசுக்கு நட்ட நடு. அவர் உதடுகள் லேசாக அசைந்தன. கல் நட்ட நாளிலிருந்து நான் பார்க்காத ஓர் அமைதி அந்த முகத்தில் மெல்ல வந்து உட்கார்ந்தது.

“நான் எறங்குறப்ப நீங்க நடுவுல இருப்பீங்க,” என்றார்.

நான் குட்டைக் கட்சிக்காரன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இருவரும் பழையபடி மின்விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“காசியம்மா, மாப்ளைக்கி அப்பளம் வையி. ரெண்டா வையி.”